குறைந்த செலவில் ஒரு விளையாட்டுக் கணிப்பொறி

விளையாடுவதற்கென்று ஒரு கணிப்பொறியா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். விளையாட்டைத் தடையின்றி இயக்கும் பொறி, நம் பாடத்துக்குரிய நிரல்களையும் தடையின்றி இயக்கும் என்பதே அவர்களுக்கு என் விடை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் கணிப்பொறி வாங்குவதென்று முடிவானதும், ஒவ்வொரு பாகமும் தன் விலைக்கு உழைக்குமா என்று கணக்குப் பார்க்கலானேன். அக்கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விளையாட்டில் 60 ஓடினால் கண்ணுக்கு இதம். அப்படியாயின் ஒரு படத்தைத் தீட்டக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான். 1920க்கு 1080 அளவுள்ள திரையிலோ 20,73,600 புள்ளிகள்! அத்தனைக்கும் நிறம் கணிப்பது கிராபிக்ஸ் பகுதியின் வேலை. ஆகவே பணத்தின் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டு விழுங்கிவிடும்.

கார்டு வாங்க இயலாதவர்க்கு 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசசர்கள் உண்டு. ஆறு கோர்களுடன் கிராபிக்ஸும் அதற்குள்ளேயே அடங்கியுள்ளது. புதிய பெரிய விளையாட்டுகளில் திணறும். வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்குப் போதும். 'ஜி' என்ற எழுத்தைக் கவனித்து வாங்க வேண்டும். வெறும் 5600இல் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை இருண்டே கிடக்கும்.

இவ்வகைப் ப்ராசசரின் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை. பொதுவான ராமிலேயே அது பங்கு கேட்கும். எனவே ராமின் வேகமே இங்கு உயிர்நாடி. டி.டி.ஆர்.4 3200 வகை ராம் விநாடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் தரவை அனுப்பவல்லது. பெருக்கிப் பாருங்கள்: 2,560 கோடி பைட், அதாவது 25.6 ஜி.பி. இரு தடங்களில் இரண்டு ராம்களைப் பொருத்தினால் 51.2 ஜி.பி. ஒரே கிணற்றில் இரண்டு கவலை பூட்டி இறைப்பது போலத்தான். "இப்போது ஒரே 16 ஜி.பி. போடுங்கள், பிறகு இன்னொன்று சேர்க்கலாம் தம்பி" என்றார் கடைக்காரர். நான் இரண்டு 8 ஜி.பி. ராம்களையே கேட்டு வாங்கினேன்.

பின்னாளில் கார்டு சேர்ப்பதையும் இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 5600ஜி மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வரைதான் போகும். 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கு தடங்களையே பயன்படுத்துவதால் அதில் வேகம் இழக்கும். எட்டுத் தடங்களும் 8 ஜி.பி. நினைவகமும் கொண்ட ஆர்.எக்ஸ். 6600 இதனினும் பொருத்தம். சேமித்துவிட்டு அதை வாங்க எண்ணம்.

மதர்போர்டின் கார்டுத் துளை தருவது 75 வாட். 6600 கேட்பதோ 132 வாட். மீதி பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வழியே வரவேண்டும். ப்ராசசரின் 65 வாட்டைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 200 வாட்தான். ஆகவே தரமான 450 வாட் போதும். 750 வாட் வீண். பெட்டியுடன் இலவசமாகத் தரும் பவர் சப்ளையை மட்டும் தொடாதீர்கள். அது கெட்டால் மற்ற பாகங்களையும் உடன் கொண்டுபோகக்கூடும்.

சேமிப்புக்கு 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினேன். பெட்டியில் மினுக்கும் வண்ண விளக்குகள் விநாடிக்கு ஒரு படத்தைக்கூடக் கூட்டுவதில்லை, அவற்றை விட்டுவிட்டேன். அதில் மிஞ்சிய தொகை, வீட்டில் மூன்றுமுனைப் பிளக்குக்கு எர்த் கம்பி இழுத்த எலக்ட்ரீஷியனுக்குப் போயிற்று.