ஒட்டிய நுரையீரல் விரியுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. ஓசூர் சிப்காட்டில் ஃபவுண்டரி வேலை. அதற்கு முன் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போட்டார். நாலு மாதமாக டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். வலப்பக்க நெஞ்சில் சீழ் கோத்து, டியூப் போட்டு எடுத்தும் நுரையீரல் விரியவில்லை. 'டீகார்ட்டிகேஷன்' ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். நெஞ்சைத் திறந்தால் பிறகு உழைக்கவே முடியாது என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: அம்மா, நெஞ்சுக்கூட்டில் சீழ் வாரக்கணக்கில் தேங்கினால் நுரையீரலின் மேல் தடித்த தோலாகப் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு டியூப் வழியே எவ்வளவு வடித்தாலும் நுரையீரல் விரியாது. அந்தத் தோலை உரித்தெடுப்பதுதான் இந்த அறுவை. 1890களிலிருந்தே செய்கிறார்கள்.

உரித்த பிறகு எவ்வளவு விரியும் என்பதை அடியிலிருக்கும் நுரையீரல்தான் தீர்மானிக்கும். அது நன்றாக இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சளவு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், நெருங்கிப்போன விலா எலும்புகளும் ஓரளவு விலகும். ஆனால் எல்லோருக்கும் பழைய அளவு முழுதாகத் திரும்புவதில்லை. காசநோய் நுரையீரலையே அரித்துக் குழியாக்கியிருந்தால் தோலை உரித்தால் மட்டும் போதாது. அந்தப் பகுதியையும் வெட்டியெடுக்க வேண்டிவரலாம். அதில் ஆபத்து அதிகம்.

கிரானைட் தூசி, ஃபவுண்டரி மணல் இரண்டிலும் சிலிக்கா உண்டு. காசநோய்க்கு வழிவிடுவதே பல நேரம் அதுதான். அந்தத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்கல்களில் அடிக்கடி வருவது காற்றுக்கசிவு. உரித்த இடத்திலிருந்து காற்று கசிந்து டியூப் பாட்டிலில் குமிழி விடும். பெரும்பாலும் சில நாளில் நின்றுவிடும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டும். அதற்காகப் பதற வேண்டாம். ரத்தப்போக்கு, புண்ணில் சீழ், நுரையீரல் நிரப்பாமல் விட்ட இடத்தில் மறுபடி சீழ் ஆகியவையும் வரலாம். உயிராபத்து குறைவு என்றாலும் அறவே இல்லையென்று சொல்ல மாட்டேன். விலா ஓரத்து வலியும் மரத்துப்போன உணர்வும் சில மாதம் நீடிக்கலாம். வலிக்கிறதே என்று மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் விடுவித்த நுரையீரல் மறுபடி சுருங்கும். வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்துப் பந்து உயர்த்தும் கருவியில் பயிற்சி செய்யட்டும், எழுந்து நடக்கட்டும்.

டி.பி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அறுவைக்குப் பெங்களூரு போனாலும் அங்கேயே மாத்திரையைத் தொடரலாம், காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

உறவினர்கள் சொல்வது சரியல்ல. இலேசான வேலைக்கு இரண்டு மாதத்தில் பலர் திரும்புகிறார்கள், பாரம் தூக்க மூன்று மாதமாவது ஆகும். தூசி வேலைக்கு மட்டும் திரும்பவே வேண்டாம். அதே ஆலையில் வேறு பிரிவு கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கு நீட்டித்த நோய்ப்படி உண்டு. இரண்டு ஆண்டு பணியும் போதிய சந்தா நாட்களும் இருந்தால், சராசரி தினக்கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் 730 நாள்வரை கிடைக்கும். அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இருமும்போது திடீரென நீர்த்த சளியோ சீழோ வாய்நிறைய வந்தால், அறுவை செய்த பக்கம் கீழாகும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.