உறங்காப் புளியும் ஒரு வினாவும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனோடும் சேர்த்து எண்ணத்தக்கது தலமரம். ஆயினும் திருக்கோயிலுக்கு வருவோர் பலர் தலமரத்தின் முன் ஒருகணம் கைகுவித்து அகன்றுவிடுகின்றனர். உடன்வரும் பிள்ளைகளோ அதனைக் கண்டதையே மறந்துவிடுகின்றனர். அங்ஙனம் விரைந்து கடக்கலாகாத மரமொன்று ஆழ்வார்திருநகரியில் உள்ளது.

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் அமைந்த இவ்வூரின் பழம்பெயர் திருக்குருகூர். நவதிருப்பதிகளுள் ஒன்றான இங்கு, ஆதிநாதப் பெருமாள் திருக்கோயிலினுள் நிற்கும் புளியமரமே உறங்காப் புளி. இதன் அகவை ஐயாயிரம் ஆண்டுகளைக் கடந்தது என்பது வைணவ மரபு. நம்மாழ்வார் காலத்தை ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு என்பர் வரலாற்றறிஞர்.

காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவில்லை; பாலுண்ணவும் இல்லை. பெற்றோர் அதனைப் பெருமாள் திருமுன் கொணர்ந்து, மாறன் எனப் பெயரிட்டனர். இப்புளியின் அடியில் அக்குழந்தை 16 ஆண்டுகள் மோனத்தில் அமர்ந்திருந்தது என்பது குருபரம்பரை வரலாறு.

திருக்கோளூரில் தோன்றிய மதுரகவிகள் வடநாட்டு யாத்திரையில் இருந்தபோது, தென்திசையில் பேரொளி ஒன்றைக் கண்டார். அதனைப் பின்பற்றிக் குருகூர் வந்தடைந்தார். அசைவற்றிருந்த மாறன் முன் சிறு கல்லை இட்டார்; மாறன் கண் திறந்தார். அறிவற்ற உடலினுள் புகுந்த நுண்ணிய உயிர் எதனை நுகரும், எங்கே தங்கும் என்று மதுரகவிகள் வினவினார். உடலின் இன்பதுன்பங்களையே நுகர்ந்து, அங்கேயே தங்கும் என்னும் பொருள்பட மாறன் விடையளித்தார். முதியவர் அக்கணமே இளையவருக்குச் சீடரானார்.

அம்மாறனே நம்மாழ்வார். அவர் அருளியவை நான்கு பிரபந்தங்கள். அவற்றுள் திருவாய்மொழி 1102 பாசுரங்கள் கொண்டது. பிற்காலத்தே பாசுரங்கள் வழக்கொழிந்தபோது, நாதமுனிகள் இம்மரத்தடியில் அமர்ந்து, மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதி, நாலாயிரத்தையும் மீளப் பெற்றார் என்பர். ஒருவர் அஞ்சாது கேட்ட வினாவே இத்தனைக்கும் வித்தாயிற்று.

பிள்ளைகளை இங்கு அழைத்து வருவோர், முதல்நாள் மாலையில் தம் ஊர்ப் புளியமரம் ஒன்றைக் காட்டுதல் நன்று. பொழுது சாயுங்கால் அதன் சிற்றிலைகள் இணையிணையாகக் கூம்புவதைப் பிள்ளைகள் தாமே காண்பர். மறுநாள் இங்கே, இம்மரத்தின் இலைகள் இரவிலும் கூம்புவதில்லை, ஆதலின் உறங்காப் புளி எனப்பட்டது என்னும் மரபினைக் கூறின், ஏன் என்னும் வினா அவர்கள் வாயில் தானே எழும். அவ்வினாவை அடக்கலாகாது. விடை தெரியாவிடின் கோயிற் பெரியோரிடம் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே கேட்கலாம். அதில் இழிவு யாதுமில்லை. மதுரகவிகள் தம்மினும் இளையவரிடமன்றோ கேட்டார்!

மற்றொன்றும் பெற்றோர் நினைவிற் கொள்ளற்பாலது. பேசத் தாமதிக்கும் பிள்ளைக்கு வேண்டும் மருத்துவத்தைக் காலத்தே நாடுதல் கடமை. ஆனால் அப்பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழ்தல் தகாது. பேசாத பிள்ளையைக் கைவிடாது இறைவன் திருமுன் கொணர்ந்த தாயை இம்மரத்தடியில் ஒருகணம் எண்ணுதல் வேண்டும்.

தலமரத்தின் இலையைப் பறித்தலும், பட்டையில் பெயர் பொறித்தலும் பக்தி ஆகா. இலைகள் ஆக்கும் உணவு பட்டையின் உட்புறத்து வழியாகவே வேர்க்குச் செல்கிறது. பட்டையிற் படும் வெட்டு மரத்தின் உணவுவழியையே அறுப்பதாகும். தாம் பறிக்காத இலையும் தொழத்தக்கதே எனப் பிள்ளைகள் உணர்ந்தால், அவர்தம் பிள்ளைகளும் இம்மரத்தைக் கண்டு தொழுவர்.

வைகாசி விசாகம் நம்மாழ்வார் அவதாரத் திருநாள். அந்நாளிலோ, வாய்த்த பிறிதொரு நாளிலோ, பிள்ளைகளுடன் குருகூர் சென்று, மரத்தடியில் சற்றே அமர்ந்து, அவர்கள் கேட்பதைச் செவிமடுத்து, ஆழ்வார் அருள் பெறுவோமாக.