மணலில் நின்ற அணை

மாதேஸ்வரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? மேட்டூரிலிருந்து போகும் பேருந்து பாலாற்றைக் கடந்து மலை ஏறும். அந்தப் பாலாறு காவிரியில் சேர்கிறது. மேட்டூரைத் தாண்டி ஓடும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி. மற்றொன்று கொள்ளிடம்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கொள்ளிடம் பள்ளமான ஆறு. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்குப் போதிய தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் உழவர் என்ன செய்வார்?

இதற்கு வழி கண்டவர் ஆர்தர் காட்டன். அவர் 1803-இல் பிறந்த ஆங்கிலேயர். சென்னைப் படையில் பொறியாளராகச் சேர்ந்தார். 1824-இல் பர்மாவில் போர் மூண்டது. காட்டன் அந்தப் போருக்குச் சென்றார். போர் முடிந்து திரும்பியபின் ஆற்று வேலையில் இறங்கினார்.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினால் காவிரிக்குத் தண்ணீர் திரும்பும். ஆனால் தோண்டத் தோண்ட மணல். மணல்மேல் அணை நிற்குமா?

காட்டன் கல்லணையைப் பார்த்தார். அது கரிகாலன் கட்டியது என்பார்கள். அதைக் கட்டியவர்கள் பெரிய கற்களை மணலில் போட்டார்கள். கற்கள் உள்ளே இறங்கின. மேலும் மேலும் போட்டார்கள். இறங்குவது நின்றதும் அதன்மேல் கட்டினார்கள். மணலில் அடித்தளம் அமைப்பதை அந்தப் பழைய கட்டுநர்களிடமே கற்றோம் என்று காட்டன் பின்னாளில் எழுதினார்.

1836-இல் முக்கொம்பு மேலணை எழுந்தது. காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. பின்னர் காட்டன் ஆந்திராவில் கோதாவரிக்குப் போனார். பஞ்சத்தில் வாடிய பகுதி அது. 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். பஞ்ச பூமி நெல் விளையும் பூமி ஆனது. காட்டன் 1899-இல் இறந்தார். கோதாவரிக் கரை மக்கள் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள்.

அணை கட்டினால் மட்டும் போதாது. அதைக் காக்கவும் வேண்டும். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் உடைந்து விழுந்தன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

காட்டன் போரில் என்ன செய்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் திருப்பிவிட்ட தண்ணீரை மக்கள் மறக்கவில்லை. கல்லணைக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் படித்த பொறியாளருக்கே பாடம் சொன்னது அவர்களின் கைவேலை.

கேள்விகள்

1. காவிரியில் தண்ணீர் குறைந்தது ஏன்?
2. கல்லணையிலிருந்து காட்டன் கற்றது என்ன?
3. உங்கள் ஊர் ஏரியை, வாய்க்காலை யார் வெட்டினார்கள்? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.