தீபாவளி சுத்தம்: எது நம் வேலை, எதற்கு ஆள் கூப்பிடணும்?



ஆயுத பூஜை முடிந்த மறுநாளே புக்கிட் மெர்தாஜாமில் நம்மவர் வீடுகளில் வேலை ஆரம்பித்துவிடும். வேலியில் திரைச்சீலை காயும். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாமான்கள் எல்லாம் வெளியே வரும். அதோடு ஒரு விவாதமும் வரும். "நம்ம வீட்டை நாமதான் கழுவணும். காசு கொடுத்து ஆள் வைக்கிறது சோம்பேறித்தனம்" என்பார் ஒருவர். "யாருக்கு நேரம் இருக்கு? ஆளைக் கூப்பிடு" என்பார் இன்னொருவர்.

ஒருவர் கௌரவத்தை வைத்து அளக்கிறார், மற்றவர் நேரத்தை வைத்து அளக்கிறார். நாம் முதலில் பார்க்க வேண்டியது ஆபத்தை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

1. துடைப்பம் பிடிப்பது தாழ்ந்த வேலையா?

இல்லை. நம் சமயமே அதற்குச் சாட்சி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் பெரிய புலவர், கற்றறிந்தவர். அவர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி. ஊர் ஊராகச் சென்று கோயில் பிரகாரங்களைச் சுத்தம் செய்தார். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்தவர். சேக்கிழாரின் பெரியபுராணம் இருவர் கதையையும் சொல்கிறது. இன்றும் கோயிலைச் சுத்தம் செய்வதை நாம் உழவாரப் பணி என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே வீட்டு வேலையை "அது அம்மா வேலை" என்று தள்ளிவிடுவது நம் சமயம் சொல்லிக் கொடுத்த பழக்கம் அல்ல. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

முதல் வாரம், வேண்டாத சாமான்களைக் கழிப்பது. இரண்டாம் வாரம், சுவர், ஜன்னல், மின்விசிறி. மூன்றாம் வாரம், தரை, சமையலறை, கடைசியாகப் பூஜையறை. மேலிருந்து கீழே வர வேண்டும். தரையைக் கழுவிவிட்டு விசிறியைத் துடைத்தால் தூசி மறுபடியும் தரைக்குத்தான் வரும். விசிறி இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். அதற்கு முன் சுவிட்சை மட்டும் நம்பாமல், மின்பெட்டியில் அந்த இணைப்பையே அணைத்துவிடுங்கள்.

கழித்த சாமான்களை வீட்டுக்குப் பின்னால் போட்டு எரிக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். பினாங்கில் 2016 முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடும் கொள்கையும் நடப்பில் இருக்கிறது. தாள், பிளாஸ்டிக், தகரம் எல்லாம் தனியாகப் போகட்டும்.

2. மூன்று கேள்விகள்

எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஒன்று: என் கால் தரையில் இருக்குமா? இரண்டு: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, அதாவது மின்சாரம், நச்சுவாயு, நுண்கிருமி, இதில் உண்டா? மூன்று: தவறிப் போனால் திரும்பச் சரிசெய்ய முடியுமா?

கால் தரையில் இருந்து, மறைந்த ஆபத்தும் இல்லாமல், தவறினாலும் சரிசெய்யலாம் என்றால் அது நம் வேலை. ஒரு கேள்வி இடித்தாலும் நிறுத்தி யோசிக்கணும். இரண்டு இடித்தால் யோசிக்கவே வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

3. ஆள் கூப்பிட வேண்டிய இடங்கள்

*கூரை.* அக்டோபரில் நம் பக்கம் மழை அதிகம். பாசி பிடித்த ஓடு வழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரு விநாடிக்குள், மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். வயதான அப்பாவின் இடுப்பு அதைத் தாங்குமா? பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால் தேய்க்கவோ உடைக்கவோ துளைபோடவோ கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். வீட்டுக்குள் சுவரில் ஏணி சாய்க்கும்போது, 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பாகத்தைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஒருவர் கீழே பிடித்துக்கொள்ளட்டும்.

*மின்சாரம்.* சுவிட்ச் சூடாகிறது, கருகிய வாசனை வருகிறது என்றால் துடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. எரிசக்தி ஆணையத்திடம் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும். மின்பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது.

*ஏர்கோன்.* வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது நாமே செய்யலாம். வெளியே இருக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

*குளவிக்கூடு, பாம்பு.* துடைப்பம், மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். 999க்கு அழைத்துச் சொன்னால் பொம்பாவோ ஏபிஎம் படையினரோ வருவார்கள். கரையானுக்கு மருந்து அடிக்க வருபவரிடம் பூச்சிக்கொல்லி வாரிய உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

*வெள்ளம் புகுந்த வீடு.* 2017இல் தீபாவளி அக்டோபர் 18ஆம் தேதி வந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கையே பெருவெள்ளம் சூழ்ந்தது. செபராங் பிறையில் எத்தனையோ வீடுகள் சேற்றில் கிடந்தன. அப்படிப்பட்ட சேற்றை நாமும் அள்ளலாம். ஆனால் ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். எலி மூத்திரம் கலந்த நீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். நனைந்த மின்பெட்டியை வயர்மேன் பார்க்கும்வரை மின்சாரம் போடவே கூடாது.

4. வாளிக்குள் ஒரு விஷம்

ஆள் வைத்தாலும் நாமே செய்தாலும் இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். துணி வெளுக்கும் பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் சேர்த்தால் 'நல்லா வெளுக்கும்' என்று நினைப்பவர்கள் உண்டு. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பல கழிவறைத் திரவங்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே வாயு.

அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, தாழ்ந்து தங்கும். கதவை மூடிக்கொண்டு குளியலறையில் குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே. அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச்சைச் சேர்த்தாலும் நச்சுவாயு வரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு திரவம், கதவு திறந்திருக்கட்டும், தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிய பிறகே அடுத்தது. கண் எரிந்து இருமல் வந்தால் வாளியை விட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். மூச்சுத் திணறினால் 999.

5. வருபவரும் விருந்தாளிதான்

உதவிக்கு ஆள் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை. பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருக்கும் வீடு, பிரசவமான வீடு, நோயாளி இருக்கும் வீடு, இரண்டு பேரும் ஷிப்ட் வேலை பார்க்கும் வீடு, இங்கெல்லாம் சாதாரண வேலைக்கும் ஆள் தேவைப்படலாம். கூலி மணிக்கணக்கா வேலைக்கணக்கா, என்னென்ன அறைகள், பொருள் யாருடையது என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் இழுத்தடிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. நமக்கு ஆபத்தான வேலை அவருக்கும் ஆபத்தானதுதான். வீடு துடைக்க வந்த அக்காவிடம் "அப்படியே கூரையிலயும் ஏறிப் பாருங்க" என்று சொல்வது, ஆபத்தை நம் அப்பாவிடமிருந்து எடுத்து அவர் தலையில் வைப்பது. அது சுத்தம் அல்ல.

அவருக்குத் தேநீர் எந்தக் குவளையில் கொடுக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். பழைய குவளையைத் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். உழவாரம் பிடித்த கையை வணங்கும் நாம், துடைப்பம் பிடித்த கைக்கு வேறு குவளை வைத்தால் எந்தப் பிளீச்சும் அந்தக் கறையைப் போக்காது.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டு தீபாவளி வேலைகளைப் பட்டியலிடுங்கள். மூன்று கேள்விகளையும் கேட்டு, எது நம் வேலை, எது ஆள் வேலை என்று பிரியுங்கள்.
2. அந்தப் பட்டியலில் ஆண் பிள்ளைகள் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது?
3. உங்கள் தாமானில் தனியாக வாழும் முதியவர் யார்? தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கிளையினர் அங்கே உழவாரப் பணி செய்ய முடியுமா? அடுத்த வகுப்புக்குள் ஒரு வீட்டையாவது சொல்லுங்கள்.