குழந்தையை அளக்கும் கோல் எது?

சென்ற ஆண்டு மாசி மாதம், அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போடவந்த குடும்பம் ஒன்று எங்கள் ஒன்றியத்துச் சிற்றூரில் சில வாரங்கள் தங்கிற்று. அவர்களுடைய ஐந்து வயதுச் சிறுமி அங்கன்வாடிக்கு வந்தாள். கப்பல், ஆப்பிள் முதலிய படங்களைக் காட்டிக் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. "எண்ணத் தெரியவில்லை, பேச்சு மந்தம்" என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். பார்வையிடச் சென்ற நானும் அதன்கீழ்க் கையொப்பமிட்டேன்.

அன்று மாலை கிடைப் பக்கம் போக நேர்ந்தது. மேய்ச்சல் முடிந்து ஆடுகள் திரும்பும் வேளை. அச்சிறுமி கூட்டிலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் தாயிடம் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குட்டியும் தாய் மாறவில்லை. "இருபத்தி மூணு ஆச்சுப்பா, வெள்ளக்காதுக் குட்டியக் காணோம்" என்று தகப்பனாரை நோக்கிக் கூவினாள். என் கையொப்பம் அப்போது என்னைச் சுட்டது.

இச்சிக்கலை ஒரு நாடு முழுவதும் அனுபவித்து விடை தேடிய வரலாறு ஒன்று உண்டு. அந்நாடு நியூசிலாந்து. அதன் பழங்குடிகள் மாவோரி மக்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவோரிக் கிராமங்களில் பள்ளிகள் ஏற்பட்டன. பள்ளிக்கு நிலம் தந்தவர்கள் கிராமத்தார். போதனா மொழியோ ஆங்கிலம். தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட பிள்ளைகள் பலர். நூறாண்டில் அம்மொழியைப் பேசும் குழந்தைகளே அருகிப்போயினர்.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல், 1982இல் அம்மக்களே 'தே கோஹங்க ரெயோ' என்னும் மழலையர் நிலையங்களைத் தொடங்கினர். 'மொழிக் கூடு' என்பது அதன் பொருள். பாட்டன் பாட்டிமார் அங்கு வந்து குழந்தைகளோடு தாய்மொழியில் பேசினர். 1987இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. 1996இல் நாடு முழுமைக்கும் மழலையர் பாடத்திட்டம் வெளிவந்தபோது அதற்கு இட்ட பெயர் 'தே ஃபாரிகி', அதாவது பின்னிய பாய். அதன் ஐந்து இழைகளுள் ஒன்று, 'இவ்விடம் என்னுடையது' என்று குழந்தை உணரும் உரிமையுணர்வு.

அதற்கேற்ப மதிப்பீடும் மாறிற்று. பேராசிரியர் மார்கரெட் கார் என்பார் 'கற்றல் கதை' என்னும் முறையை வகுத்தார். குழந்தைக்கு என்ன தெரியாது என்று குறியிடுவதற்குப் பதிலாக, அது ஒரு வேலையில் ஈடுபட்டபோது கண்டதை ஆசிரியை சில வரிகளில் எழுதுவார். அந்நோட்டு வீட்டிற்குச் செல்லும். பெற்றோரும் அதில் எழுதுவர். 2009இல் மாவோரிக் குழந்தைகளுக்கென வந்த மதிப்பீட்டு நூலின் பெயரிலுள்ள 'போகேகா', குழந்தையைச் சுற்றும் போர்வையைக் குறிப்பது. குழந்தை வளர வளர அதன் வடிவத்தையே போர்வையும் கொள்ளும் என்பது கருத்து.

பள்ளி வகுப்புகளில் வழி அவ்வளவு நேராக அமையவில்லை. 2010இல் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற்குத் தேசியத் தரங்களைப் புகுத்தினர். 2017இல் அவற்றைக் கைவிட்டனர். கற்றல் கதையிலும் குறை இல்லாமலில்லை. எழுத நேரம் வேண்டும். நல்லதையே எழுதிக்கொண்டிருந்தால் உண்மையில் காது கேளாத குழந்தையைக் கவனியாது விட நேரும். ஆகவே அளவுகோலே வேண்டாம் என்பது என் கருத்தன்று. எடையும் உயரமும் போலப் படிப்பையும் பார்க்கவே வேண்டும்.

நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் போதிக்கவும், அச்சமின்றிக் கற்பிக்கவும், தொடர்ச்சியாக மதிப்பிடவும் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசுகிறோம்; பேசவேண்டியதுதான். அதோடு, 'பின்தங்கியவர்' என்று குறிக்கப்பட்ட பிள்ளைகள் யார், எக்கேள்வியை எம்மொழியில் கேட்டு அவ்வாறு குறித்தீர்கள் என்றும் அங்கத்தினர்கள் கேட்கலாம். செங்கற்சூளைக்கு வேற்று மாநிலத்திலிருந்து வந்தோரின் பிள்ளைகள் இருப்பின் இது மிகவும் அவசியம்.

மறுவாரம் அச்சிறுமியின் பதிவைத் திருத்தினோம். குட்டி பிரித்துவிட்டதை அங்கன்வாடிப் பணியாளர் ஆறு வரியில் எழுதினார். கீழே நான் மீண்டும் கையொப்பமிட்டேன். கிடை பெயர்ந்தபோது அதன் நகலைத் தகப்பனாரிடம் கொடுத்தோம். "அடுத்த ஊர்லயும் காட்டலாமுங்களா?" என்று கேட்டு, மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.