வைட்டமின் பி1: மறைந்துபோன முகடு சொன்ன செய்தி

மாணவர்களே, புழுங்கல் அரிசிச் சோறுதான் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் அந்த அரிசி பல உயிர்களைக் காத்தது.

அக்காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பலர் பெரிபெரி நோய்க்குப் பலியானார்கள். கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுக்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது, சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்கள் ஏறத்தாழ அனைவரும் தப்பினர்.

காரணம் தயமின் எனப்படும் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிமணிக்குள் இறங்குகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும்.

நமக்கு நாள்தோறும் தேவைப்படும் தயமின் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். இவ்வளவு சிறிய அளவு இல்லாமற்போனால் உயிரே போவது ஏன்?

நொதியின் கையில் ஒரு கருவி

நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோசாகி, பின்னர் பைருவேட்டு என்னும் மூன்று கார்பன் கொண்ட சேர்மமாக உடைகிறது. அதிலிருந்து ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக நீக்கினால்தான் அடுத்த கட்டத்தில் உடலுக்கு நிறைய ஆற்றல் கிடைக்கும். இந்த வேலையைச் செய்யும் நொதிக்குத் தயமின் துணைநொதியாக உதவுகிறது. நொதியைத் தச்சர் என்று வைத்துக்கொண்டால், தயமின் அவர் கையில் உள்ள உளி. வேலை முடிந்ததும் உளி மீண்டும் பயன்படும். அதனால்தான் சிறிதளவே போதுமானது. உளியே இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். ஆற்றல் அதிகம் தேவைப்படும் நரம்பும் இதயமும் முதலில் பாதிக்கப்படும்.

சரி, அந்த உளியின் கூர்முனை எது? தயமின் மூலக்கூறில் இரண்டு வளையங்களும், அவற்றை இணைக்கும் ஒரு கார்பன் பாலமும் உள்ளன. வினை நடக்கும் இடம் பாலம்தான் என்றனர் சிலர். வளையத்தில் உள்ள அமினோ தொகுதி என்றனர் வேறு சிலர்.

ஹைட்ரஜன் அணுக்களின் வருகைப் பதிவு

இதற்கு விடை காண உதவியது அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலையியல். மருத்துவமனையில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். வலிமையான காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அது ஆற்றலை உறிஞ்சும். அக்கம்பக்கத்தில் உள்ள அணுக்களைப் பொறுத்து அந்த அதிர்வெண் சற்றே மாறும். எனவே வெவ்வேறு சூழலில் உள்ள ஹைட்ரஜன்கள் வரைபடத்தில் வெவ்வேறு முகடுகளாகத் தோன்றும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து 'உள்ளேன் ஐயா' என்பதைப் போல!

1950களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரெஸ்லோ தயமினையும் அதைப் போன்ற எளிய சேர்மங்களையும் கனநீரில் கரைத்து ஆராய்ந்தார். கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் இருக்கும். அது வேறொரு அதிர்வெண்ணில் ஒத்திசைவதால் ஹைட்ரஜன் வரைபடத்தில் தோன்றாது.

பாலத்தின் முகடு அப்படியே நின்றது. ஆனால் கந்தகத்துக்கும் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள கார்பனின் முகடு விரைவில் மறைந்தது. அந்தக் கார்பன் தன் ஹைட்ரஜனை எளிதில் விட்டுவிட்டு, டியூட்டீரியத்தை ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

ஹைட்ரஜன் அயனியாகப் பிரிந்ததும் அந்தக் கார்பனில் ஓர் இணை எதிர்மின்னிகள் எஞ்சும். அவற்றைக் கொண்டு அது பைருவேட்டைப் பற்றிக்கொள்கிறது. அருகிலுள்ள நைட்ரஜன் எதிர்மின்னிகளைத் தன்பக்கம் இழுக்க, கார்பன் டை ஆக்சைடு கழன்றுவிடுகிறது. உளியின் கூர்முனை இதுதான்.

ஒரு முகடு மறைந்ததை மட்டும் வைத்து இப்படி முடிவு செய்யலாமா? கூடாது. ஹைட்ரஜன் எளிதில் பிரிகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. எஞ்சிய இரண்டு கார்பன் துண்டு அதே கார்பனில் ஒட்டியிருக்கும் இடைநிலைச் சேர்மமும் பின்னர் கிடைத்தது. அதன்பிறகே கருத்து உறுதிப்பட்டது.

நொதியின் பங்கு என்ன?

தயமின் தனியாகவும் இத்தகைய வினைகளைச் செய்யும். ஆனால் மிக மெதுவாக. 1997இல் ஜெர்மனி, சுவீடன் ஆய்வாளர்கள் நொதியைக் கனநீருடன் கலந்து, நொடியின் சிறு பகுதிக்குள் அமிலத்தால் வினையை நிறுத்தி, அந்த முகடு எவ்வளவு குறைந்தது என்று அளந்தனர். நொதிக்குள் ஹைட்ரஜன் பன்மடங்கு வேகமாகப் பிரிந்தது. அதற்கு உதவியது எது தெரியுமா? நொதியில் உள்ள குளுட்டமேட்டும், தயமினின் அமினோ தொகுதியும்தான். வினை நடக்கும் இடம் அமினோ தொகுதி அல்ல என்றாலும், அதற்கும் இதில் முக்கியப் பங்கு இருக்கத்தான் செய்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்: பிரெஸ்லோ கனநீருக்குப் பதிலாகச் சாதாரண நீரைப் பயன்படுத்தியிருந்தால், ஹைட்ரஜன் பரிமாற்றம் நடந்திருக்குமா? நடந்திருந்தால், வரைபடத்தில் அது தெரிந்திருக்குமா? விடையைக் காரணத்தோடு எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.