மூவகை மானம்



சென்ற பௌர்ணமி வகுப்பில் முதியவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "மானத்தை அறுக்கவேண்டும் என்று தம்மம் கூறுகிறது என்கிறீர். இத்தனை தலைமுறையாக நமக்கு மறுக்கப்பட்டது அந்த மானம் ஒன்றுதானே? அதைப் பெறுதற்கன்றோ இங்கு வந்தோம்? வந்த இடத்திலும் அதை விடச் சொன்னால் எங்கே போவது?" என்றார். நேரமின்மையால் அன்று சுருக்கமாக விடையிறுத்தேன். அது அவருக்குப் போதவில்லை என்பதை முகம் காட்டிற்று, எனக்கும் போதவில்லை. ஆகவே இப்பாடத்தை எழுதலானேன்.

முதற்கண் சொல்லால் விளையும் மயக்கத்தை நீக்குவோம். தமிழிலே மானம் என்பது இழிவு வந்தால் பொறாத தன்மை. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். பாளி மொழியில் அச்சொல்லின் பொருள் வேறு. பிறரோடு தன்னை நிறுத்துப் பார்த்து, "நான் இன்ன எடை" என்று ஓயாது கணக்கிடும் மனப்பழக்கமே அங்கு மானம் எனப்படும். உயிரைப் பிணிக்கும் பத்துத் தளைகளுள் அது எட்டாவது. அருகத்து நிலை எய்துமளவும் அது முற்றும் அறுவதில்லை. அதனை மூன்றாக வகுத்தனர்: பிறரினும் நான் உயர்ந்தவன் என்பது ஒன்று, பிறர்க்கு நான் ஒத்தவன் என்பது ஒன்று, பிறரினும் நான் தாழ்ந்தவன் என்பது மற்றொன்று.

மூன்றாவதைக் கேட்டவுடன் பலர் வியப்புறுகின்றனர். தன்னைத் தாழ்வாக எண்ணுதல் பணிவு அன்றோ என்பர். அன்று. தராசு அதே தராசுதான். தட்டு மட்டும் மாறியிருக்கிறது.

நான் நூற்பாலையில் சேர்ந்த புதிதில், மேஸ்திரி அழைத்தால், நான் வாய் திறக்குமுன்னரே தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிடும். அவர் அதைக் கேட்டதுமில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஒருநாள் ஓர் எந்திரத்தின் பற்சக்கர மூடி தளர்ந்திருப்பதைக் கண்டேன். "இதைச் சொல்ல நான் யார்?" என்று வாளா இருந்துவிட்டேன். மறுநாள் என் பக்கத்தில் வேலை செய்தவரின் விரல் அதில் நசுங்கிற்று. அன்று என் வாயைக் கட்டியதைப் பணிவு என்று எப்படிச் சொல்வேன்?

ஆயினும் இத்தகைய தாழ்வு மானம் கொண்டவனைக் கடிந்துரைத்துப் பயனில்லை. அது அவன் தன் உள்ளத்தில் தானே விதைத்த பயிர் அன்று. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதி தீண்டப்படாதார்க்கு அடைக்கப்பட்டிருந்ததை அறிவீர்கள். தார் மாற்றும்போதெல்லாம் நூலின் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். இவர்கள் வாய்பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று உடனுழைக்கும் தொழிலாளரே கூறினர். கூலி மிகுந்த வேலை அந்தப் பகுதியில்தான் இருந்தது. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துப் பேசினார். பிறர் வைத்த அளவுகோல் நாளடைவில் நம் உள்ளேயே நட்டுக்கொண்டது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி, விநய பிடகத்தில் வரும் உபாலியின் வரலாற்றைப் பாருங்கள். சாக்கிய இளைஞர் அநுருத்தர், ஆனந்தர் முதலியோர் துறவு பூண்டு செல்கையில், தம் நாவிதராகிய உபாலியிடம் அணிகலன்களை மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, பிழைப்புக்கு இது போதும், திரும்பிச் செல் என்றனர். அவர் சிறிது தூரம் சென்று நின்றார். இவற்றோடு சென்றால் சாக்கியர் தம்மைக் கொன்றுவிடுவர் என்னும் அச்சம் முதலில் எழுந்தது. அடுத்து, இவர்களே துறக்கும்போது நான் ஏன் துறத்தலாகாது என்னும் எண்ணம் எழுந்தது. மூட்டையை மரத்தில் தொங்கவிட்டு, காண்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கூறித் திரும்பினார். அவ்விளைஞரும், தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் தீட்சை தரும்படி பகவரை வேண்டி, அவரை வணங்கும் நிலையைத் தாமே ஏற்றனர். பிற்காலத்தில் இராசகிருகத்து முதற் சங்கத்தில், 500 அருகத்துகள் நடுவே, மகாகாசியபர் வினவ விநயம் முழுவதையும் உரைத்தவர் அந்த உபாலியே. அச்சம் எழுந்த அதே நெஞ்சில்தான் அடுத்த எண்ணமும் எழுந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

தாழ்வு மானம் நீங்கிய இடத்தில் உயர்வு மானம் வந்து குடியேறுவதும் உண்டு. இதற்கும் நானே சான்று. தீட்சை பெற்ற மறு ஆண்டு, என் தமையனார் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார். "இன்னும் இருட்டில்தான் கிடக்கிறீர்களா?" என்று அவர் மக்கள் முன்னிலையிலேயே கேட்டேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதைக் கொள்கைப்பிடிப்பு என்று கருதிக்கொண்டிருந்தேன். ஒரு திருமணத்தில் அண்ணியார் என்னைத் தனியே அழைத்து, "மேஸ்திரி அதட்டினான் என்று வந்து கண்கலங்குவீர்களே, தம்பி, அன்று உங்கள் அண்ணனிடம் பேசியபோது உங்களுக்கும் அதே குரல்தான் இருந்தது" என்றார். எந்தச் சூத்திரமும் எனக்கு அவ்வளவு தெளிவாக உரைத்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, நம்மைப் பூர்வ பௌத்தர் என்று உணரச் செய்தார். அந்தப் பெயர் நம்மை நிமிர்த்தியது. அதையே உறவினர் தலையில் குட்டுதற்கு எடுப்பது பண்டிதர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இங்கு மற்றொரு ஐயம் எழும். ஒத்தவன் என்பதும் மானமாயின், மனிதர் யாவரும் சமம் என்று 1956-இல் நாகபுரியில் ஏற்ற உறுதிமொழி என்னாவது? இரண்டும் வேறு. சமம் என்பது நாம் நடந்துகொள்ளும் முறைக்கும், நாட்டுச் சட்டத்துக்கும், ஊர்ப் பொதுக்கிணற்றுக்கும் உரிய விதி. அதை எவர்க்காகவும் விட்டுக்கொடுத்தலாகாது. "இவனுக்கு நான் குறைந்தவனா?" என்று ஒவ்வொரு பேச்சிலும் உள்ளுக்குள் கணக்குப் பார்ப்பதே மானம். அவ்வாறு கணக்குப் பார்ப்பவன் எதிரிலிருப்பவன் பேசுவதைக் கேட்பதில்லை, விடையைத் தேடிக்கொண்டிருப்பான்.

சாவத்தி நகரில் அக்கினி வேட்கும் பாரத்துவாசன் பகவரைத் தொலைவில் கண்டு, "அங்கேயே நில், வசலனே!" என்று இழித்துரைத்தான். பகவர் சினந்திலர், கூசி விலகவுமில்லை. வசலன் என்பவன் யார், எவற்றால் ஒருவன் வசலன் ஆகின்றான் என்பதை அறிவாயோ என்று வினவினார். வைதவனே இறுதியில் கேட்டு அமர்ந்தான். தன்னை உயர்த்திப் பிறரை இகழ்பவனும் வசலனே என்பது அன்று கூறிய பட்டியலில் ஒன்று.

முதியவர்க்கு என் விடை இதுதான். அவர் கேட்கும் மானம் மல்லிகை கூறியது. கோசல வேந்தன் பசேநதி, உன்னினும் உனக்கு இனியவர் உளரோ என்று அவளிடம் கேட்டான். பூமாலை தொடுப்பவர் மகளாகிய அவள், எனக்கு என்னினும் இனியவர் இல்லை என்று அஞ்சாமல் உண்மை கூறினாள். வேந்தனும் எண்ணிப்பார்த்துத் தனக்கும் அவ்வாறே என ஒப்பினான். இதைக் கேட்ட பகவர் இருவரையும் கடியவில்லை. ஒவ்வொருவர்க்கும் தம் உயிர் அவ்வாறே இனிதாகலின், தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்றார். அங்கே தராசு இல்லை.

வரும் பௌர்ணமியன்று வசல சூத்திரத்தை முழுவதும் வாசிப்போம். பழைய வழிபாட்டிலுள்ள உறவினரையும் அழைத்து வரலாம். என் தமையனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூழ் ஊற்றுவதை அவர் இன்னும் விடவில்லை.